காணொளி நடுவர்: மறுகூட்டலா, மறுமதிப்பீடா?

கால்பந்தில் காணொளி உதவி நடுவர் முறை 2018 மார்ச் 3 அன்று சூரிச் நகரில் கூடிய விதியமைப்பு வாரியத்தின் கூட்டத்தில் ஆட்ட விதிகளுக்குள் முறைப்படி சேர்க்கப்பட்டது. விஏஆர் என்று ரசிகர்கள் சுருக்கமாக அழைக்கும் அந்த முறை ஆட்டத்தைத் திருத்தியதா, கெடுத்ததா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. ஐரோப்பியக் கழகங்களின் ஆட்டங்களை வைத்தே இந்த விவாதம் பெரும்பாலும் நடக்கிறது. இந்தியாவில், அதிலும் கால்பந்தே முதல் விளையாட்டாக இருக்கும் குமரி மாவட்டக் கடற்கரையில் இதற்கு என்ன பொருள் என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்து இம்முறையின் நிறைகுறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

முறை செயல்படும் விதம்

விஏஆர் எல்லாவற்றிலும் தலையிடுவதில்லை. 2018-இல் விதிகளில் சேர்க்கப்பட்டபோது நான்கு வகை நிகழ்வுகளில் மட்டுமே அதற்கு இடம் தரப்பட்டது. கோல் விழுந்ததா இல்லையா என்பது ஒன்று. பெனால்டி கொடுக்க வேண்டுமா என்பது இரண்டு. நேரடிச் சிவப்பு அட்டை மூன்று. அட்டையைத் தவறான ஆட்டக்காரருக்குக் காட்டிவிடும் ஆள் மாறாட்டம் நான்கு. மைதானத்துக்கு வெளியே ஓர் அறையில் திரைகளின் முன் அமர்ந்திருக்கும் நடுவர்கள் இந்த நான்கையும் தொடர்ந்து சரிபார்க்கிறார்கள். 'தெளிவான, வெளிப்படையான பிழை' என்று கருதினால் காதுக்கருவி வழியே மைதான நடுவரிடம் சொல்கிறார்கள். அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம், அல்லது ஓரத்துத் திரையில் தானே பார்த்து முடிவெடுக்கலாம். கடைசிச் சொல் எப்போதும் மைதான நடுவருடையதுதான்.

இதற்கு முன்னோடியாக வந்தது கோல் கோட்டுக் கருவி. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லம்பார்டு அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்தது. நடுவர் கோல் தரவில்லை. அந்தப் பிழைக்குப் பிறகே 2012-இல் கருவிக்கு அனுமதி கிடைத்து, 2014 உலகக் கோப்பையில் அது பயன்பாட்டுக்கு வந்தது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆஃப்சைடுக்கும் பாதித் தானியங்கி முறை வந்துவிட்டது. கூரையின் கீழ் 12 கேமராக்கள் ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பதிவு செய்தன. பந்துக்குள் இருந்த உணர்கருவி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. அந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் மூன்றாவது நிமிடத்திலேயே எக்குவடோரின் என்னர் வலென்சியா அடித்த கோல் இப்படித்தான் ரத்தானது.

ஒரே நகரில் இரண்டு பந்துகள்

2022 டிசம்பர் 1 அன்று கத்தாரின் அல் ரய்யான் நகரில், கலீஃபா மைதானத்தில் ஜப்பானும் ஸ்பெயினும் ஆடின. கோல் கோட்டைத் தாண்டிவிட்டதாகத் தோன்றிய பந்தை ஜப்பானின் மிதோமா உள்ளே தட்டிவிட, தனாகா அதைக் கோலாக்கினார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குப் பந்து வெளியே போனதாகவே பட்டது. ஆனால் பந்து முழுவதுமாகக் கோட்டைத் தாண்டினால்தான் அது வெளியே என்பது விதி. பந்தின் விளிம்பு சில மில்லிமீட்டர் அளவுக்குக் கோட்டின் மேல் நிற்பதைக் கேமராக்கள் காட்டின. கோல் செல்லும் என்றார்கள். ஜப்பான் 2–1 என வென்றது. அந்த முடிவால் ஜெர்மனி முதல் சுற்றோடு ஊர் திரும்பியது.

ஏறத்தாழ பதினெட்டு மாதம் கழித்து, 2024 ஜூன் 11 அன்று, அதே அல் ரய்யான் நகரில் உள்ள ஜாசிம் பின் ஹமத் மைதானத்தில் இந்தியா கத்தாரை எதிர்த்து ஆடியது. 2026 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று அது. 37-ஆவது நிமிடத்தில் சாங்தே கோல் அடிக்க, இந்தியா முன்னிலை பெற்றது. அப்படியே முடிந்திருந்தால் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியின் மூன்றாம் சுற்றுக்கு இந்தியா முதல்முறையாகப் போயிருக்கும். 73-ஆவது நிமிடத்தில் கத்தார் வீரர் தலையால் முட்டிய பந்தைக் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுத்தார். பந்து உருண்டு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. கத்தார் வீரர் ஒருவர் அதைக் காலால் உள்ளே இழுத்துக் கொடுக்க, யூசுஃப் அய்மன் வலைக்குள் தள்ளினார். கோல்கீப்பர் ஆட்டம் நின்றுவிட்டது என்றே எண்ணியிருந்தார். தென்கொரிய நடுவர் கோல் என்று அறிவித்தார். 85-ஆவது நிமிடத்தில் கத்தார் இன்னொரு கோல் அடித்து 2–1 என வென்றது.

இந்தப் பந்து மில்லிமீட்டர் கணக்கில் சந்தேகத்துக்கு உரியதல்ல. ஒளிபரப்பின் மறுகாட்சியிலேயே எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அந்தச் சுற்றில் விஏஆர் இல்லை. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் புகார் கொடுத்தது, முடிவு மாறவில்லை.

உலகின் பெரிய அணிகள் மோதும்போது அந்த நகரில் மில்லிமீட்டரை அளக்க முடிந்தது. இந்தியா ஆடும்போது ஊரே பார்த்ததை நடுவருக்குக் காட்ட வழியில்லை. விஏஆர் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று வாதிடுவோர் இந்த இரண்டாவது பந்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அதே சமயம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. குழுவின் மற்ற ஆட்டத்தில் குவைத் ஆப்கானிஸ்தானை வென்று 7 புள்ளிகள் பெற்றது. இந்தியா 1–1 எனச் சமன் செய்திருந்தாலும் 6 புள்ளிகள்தான். அந்தக் கோல் ரத்தாகி, மீதி நேரத்திலும் இந்தியா முன்னிலையைக் காத்திருந்தால் மட்டுமே பலன் கிடைத்திருக்கும். அதற்கு மூன்று மாதம் முன்பு குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1–2 எனத் தோற்றதும் கணக்கில் சேரும். நடுவர் செய்த பிழை பெரியது, ஆனால் தோல்வி முழுவதையும் அவர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

மறுகூட்டலும் மறுமதிப்பீடும்

பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிவு வந்ததும் மாணவர்கள் விடைத்தாள் நகல் வாங்கி இரண்டில் ஒன்றுக்கு விண்ணப்பிப்பார்கள். ஒன்று மறுகூட்டல், மற்றது மறுமதிப்பீடு. விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்த எந்த ஆசிரியருக்கும் இரண்டுக்குமுள்ள வேறுபாடு தெரியும். மறுகூட்டலில் விவாதத்துக்கு இடமில்லை. 7-ஐயும் 8-ஐயும் கூட்டி 14 என்று போட்டிருந்தால் அது பிழை, யார் பார்த்தாலும் 15தான். மறுமதிப்பீடு அப்படியல்ல. ஒரு நெடுவினாவுக்கு ஒருவர் ஐந்து மதிப்பெண் போடுவார், அதே தகுதியுள்ள இன்னொருவர் ஆறு போடுவார். இரண்டுமே நேர்மையான மதிப்பீடுதான். இரண்டாவது சரி, முதலாவது தவறு என்று சொல்ல அங்கே அளவுகோல் இல்லை.

விஏஆர் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் வருகிறது. பந்து கோட்டைத் தாண்டியதா, ஃபவுல் பெனால்டி கட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா, அட்டை காட்டப்பட்ட ஆள் சரியானவரா என்பவை மறுகூட்டல் வகை. இவற்றுக்கு ஒரே விடைதான் உண்டு. கேமரா சரியான கோணத்தில் இருந்தால் அந்த விடையைச் சொல்லிவிடும். கை இயல்பாக இருந்ததா, மோதல் ஃபவுல் ஆகும் அளவுக்கு வன்மையானதா, தடுப்பு முரட்டுத்தனமானதா என்பவை மறுமதிப்பீடு வகை. எத்தனை முறை திருப்பிப் போட்டாலும் கேமரா இவற்றுக்கு விடை சொல்லாது. சொல்லப்போனால், மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது எல்லா மோதலும் வேண்டுமென்றே செய்தது போலவே தெரியும். கை பந்தை நோக்கிப் போனதா, பந்து கையை நோக்கி வந்ததா என்பது ஆட்டத்தின் உண்மையான வேகத்தில்தான் புரியும்.

2018 உலகக் கோப்பை இறுதியாட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. குரோவேசியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டது. அது மறுகூட்டல், பட்டது உண்மை. ஆனால் அது தண்டனைக்குரியதா என்பது மறுமதிப்பீடு. அர்ஜென்டினா நடுவர் பிட்டானா திரையில் பார்த்து, திரும்பி நடந்து, மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டுப் பெனால்டி கொடுத்தார். இரண்டாம் முறை பார்க்கத் தோன்றியதே, பிழை 'தெளிவானதாக' இல்லை என்பதற்குச் சான்று. கிரீஸ்மன் அதைக் கோலாக்க, பிரான்ஸ் 4–2 என வென்றது.

ஆஃப்சைடு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகளில் எல்லைக்கோட்டருகே கொடி பிடித்து நின்றவர்களுக்கு அதன் கடினம் தெரியும். பந்து காலை விட்டுப் புறப்படும் கணத்தையும், முப்பது மீட்டர் தள்ளிக் கடைசிக்கு முந்தைய தடுப்பாளர் நிற்கும் இடத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க வேண்டும். மனிதக் கண்ணால் இது முழுமையாக ஆகாது. ஆகவே கருவிக்கு இங்கே நியாயம் உண்டு. ஆனால் தோள்பட்டை நுனியும் கால் கட்டைவிரலும் சில மில்லிமீட்டர் முன்னே இருந்ததற்காகக் கோலை ரத்து செய்வது விதி உண்டான நோக்கத்தோடு ஒட்டவில்லை. கோலருகே ஒளிந்து நின்று ஆதாயம் தேடுவதைத் தடுக்க வந்த விதி அது.

கருவியும் மனிதனும்

2018 உலகக் கோப்பைக் குழுச் சுற்று முடிந்ததும் ஃபிஃபா ஒரு கணக்கு வெளியிட்டது. 335 நிகழ்வுகள் சரிபார்க்கப்பட்டதாகவும், விஏஆர் இல்லாமல் 95 விழுக்காடாக இருந்திருக்கும் சரியான முடிவுகள் 99.3 விழுக்காடானதாகவும் அது சொன்னது. இந்த எண்களைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இங்கே எது சரி என்று தீர்மானித்தவர்கள் அந்த முறையை நடத்தியவர்களே. தேர்வு எழுதியவரே தன் விடைத்தாளைத் திருத்தியதற்கு ஒப்பான கணக்கு இது. மறுகூட்டல் வகை நிகழ்வுகளுக்கு இந்த விழுக்காடு பொருந்தலாம். மறுமதிப்பீடு வகைக்கு விழுக்காடே பொருந்தாது.

கருவியும் தவறும் என்பதை 2020 ஜூன் 17 காட்டியது. ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டத்தில் வில்லாவின் கோல்கீப்பர் பந்தைப் பிடித்தபடியே கோட்டுக்குள் போய்விட்டார். கேமராக்களை ஆட்கள் மறைத்துவிட்டதால் நடுவரின் கைக்கடிகாரத்துக்குச் சைகை வரவில்லை. விஏஆர் அறையும் தலையிடவில்லை. ஆட்டம் 0–0 என முடிந்தது. கருவி நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. அந்தப் பருவ முடிவில் வில்லா 35 புள்ளிகளோடு தப்பியது, போர்ன்மத் 34 புள்ளிகளோடு கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

கருவி சரியாக இருந்தும் மனிதர் தவறுவதும் உண்டு. 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்கு மைதானத்தில் ஆஃப்சைடு கொடி உயர்ந்தது. அறையில் இருந்தவர் அது ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்திருப்பதாக எண்ணி, 'சரிபார்ப்பு முடிந்தது' என்று மட்டும் சொன்னார். ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டது, தொடங்கினால் திரும்பப் போக விதி இடம் தராது. கோடு சரியாகப் போடப்பட்டும், நான்கு சொல் கூடுதலாகப் பேசாததால் ஒரு கோல் காணாமல் போனது. நடுவர் அமைப்பு அது பெரும் மனிதப் பிழை என்று ஒப்புக்கொண்டு உரையாடல் பதிவையும் வெளியிட்டது. அப்படி வெளியிட்டது பாராட்டத்தக்கது.

பெங்களூரு ஆட்டம்

இந்தியாவில் விஏஆர் வேண்டும் என்ற குரல் வலுத்தது 2023 மார்ச் 3-க்குப் பிறகுதான். பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் ஐஎஸ்எல் நாக்அவுட் ஆட்டம். கூடுதல் நேரத்தில், 96-ஆவது நிமிடத்தில் பெங்களூரு அணிக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் சுவர் அமைத்து முடிக்கும் முன்பே சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் அனுப்பினார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். பயிற்சியாளர் இவான் வுகொமனோவிச் தன் அணியை மைதானத்திலிருந்து வெளியே அழைத்துக்கொண்டார். பிறகு கேரளா அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. தலைமைப் பயிற்சியாளர் அணியை வெளியேற்றியது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

விஏஆர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று பலர் எழுதினார்கள். அது ஐயத்துக்குரியது. சுவர் அமைக்கும் வரை காத்திருக்கும்படி நடுவர் சொன்னாரா, விரைவாக அடிக்க அனுமதித்தாரா என்பதே அங்கே வழக்கு. ஆட்டத்தை எப்படித் திரும்பத் தொடங்குவது என்பது விஏஆர் பார்க்கும் நான்கு வகைகளில் சேராது. நாம் விஏஆரைக் கேட்கத் தூண்டிய நிகழ்வு விஏஆரால் தீராத ஒன்று. அன்று தேவைப்பட்டது கேமராவைக் காட்டிலும் நடுவரின் தெளிவான கைச்சைகையும், விதியை அறிந்த இரண்டு அணிகளும்தான்.

ஓட்டமும் பார்வையாளரும்

எதிர்ப்போர் முன்வைக்கும் வலுவான வாதம் ஆட்டத்தின் ஓட்டம் பற்றியது. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் இடையே இயல்பாகவே இடைவெளி உண்டு, ஆகவே டிஆர்எஸ் அங்கே பொருந்தியது. கால்பந்தில் அந்த இடைவெளி இல்லை. கோல் விழுந்ததும் எழும் ஆரவாரம்தான் அந்த விளையாட்டின் உயிர். 2019 ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில், சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் கடைசிக் கணத்தில் ஸ்டெர்லிங் அடித்த கோலுக்கு ஊரே துள்ளியது. சிறிது நேரத்தில் ஆஃப்சைடு என்று ரத்தாகி, சிட்டி வெளியேறியது. முடிவு சரியானது. ஆனால் அதன் பிறகு கோல் விழும்போதெல்லாம் ரசிகர் முழுமனத்தோடு கத்தத் தயங்குகிறார்.

இந்த இழப்பை நோர்வே ரசிகர்கள் கடுமையாகவே எடுத்துக்கொண்டார்கள். 2024 ஜூலையில் ட்ரோண்ட்ஹைமில் மீன் அடைகளையும் டென்னிஸ் பந்துகளையும் மைதானத்துக்குள் எறிந்து ஓர் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். ஆனாலும் 2025 மார்ச்சில் அந்நாட்டுச் சம்மேளனம் 321–129 என்ற வாக்கில் விஏஆரை வைத்துக்கொண்டது. இங்கிலாந்தில் அதை நீக்கக் கோரிய வுல்வ்ஸ் கழகத்துக்கு 2024-இல் தன் வாக்கைத் தவிர வேறு வாக்கு கிடைக்கவில்லை, 19–1. ஸ்வீடன் மட்டும் கழகங்களின் எதிர்ப்பை மதித்து விஏஆரைக் கொண்டுவரவே இல்லை. ஒருமுறை சுவைத்தவர் விடுவதில்லை, சுவைக்காதவர்தான் மறுக்க முடிகிறது.

குமரிக் கடற்கரையில்

தேங்காப்பட்டணம் முகத்துவாரம் தொடங்கிக் கேரள எல்லையான நீரோடி வரை இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை என்று ஊர்கள் தொடுத்துக் கிடக்கின்றன. கிரிக்கெட் மட்டையைவிடப் பந்து அதிகம் உருளும் மண் இது. ஐஎஸ்எல்லில் ஆடிய மைக்கேல் சூசைராஜும் அவர் சகோதரர் மைக்கேல் ரெஜினும் இரவிபுத்தன்துறைக்காரர்கள். இங்குள்ள மின்னொளிப் போட்டிகளில் நடுவர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். அவரிடம் ஒரு விசிலும் இரண்டு அட்டைகளும் மட்டுமே உண்டு.

இந்த நடுவரின் நிலையை விஏஆர் தொடாமலே மாற்றிவிட்டது. இன்று ஆட்டத்தைப் பார்ப்பவர் கையில் செல்பேசி இருக்கிறது, ஆட்டம் யூடியூப் நேரலையிலும் போகிறது. சர்ச்சைக்குரிய கோல் விழுந்த அடுத்த நிமிடமே யாராவது படத்தோடு கோட்டருகே வந்து நிற்பார்கள். டிவியில் பார்க்கிறார்களே, இங்கே ஏன் பார்க்கக் கூடாது என்று கேட்பார்கள். விதிப்படி அனுமதி பெற்ற முறை இல்லாத ஆட்டத்தில் நடுவர் படத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அதைச் சொன்னால் அவர் மறைக்கிறார் என்பார்கள். நடுவரின் முடிவே இறுதி என்பதை ஏற்று வளர்ந்த தலைமுறைக்கும், எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்கலாம் என்று பழகிய தலைமுறைக்கும் நடுவே அவர் மாட்டிக்கொள்கிறார். ஒரே விளையாட்டு உலகெங்கும் ஒரே விதியோடு ஆடப்படுகிறது என்பது கால்பந்தின் பெருமை. பணக்கார மைதானத்துக்கு ஒரு நீதி, மணல் மைதானத்துக்கு ஒரு நீதி என்றாகிவிட்டதே விஏஆர் விளைவித்த பெரிய கேடு என்று நான் கருதுகிறேன்.

நமக்கு எது பொருந்தும்

விஏஆர் இந்திய மண்ணுக்குப் புதிதல்ல. 2022 அக்டோபரில் இங்கு நடந்த 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் அது பயன்பட்டது. ஐஎஸ்எல்லோ 2024–25 பருவம் வரை அது இல்லாமலே நடந்தது. காரணம் செலவு. கேமராக்கள், இணைப்பு, அறை, தனிப் பயிற்சி பெற்ற நடுவர்கள் என்று எல்லாம் வேண்டும். ரஷ்யாவில் ஆட்டத்துக்கு 33 ஒளிபரப்புக் கேமராக்கள் கைகொடுத்தன. அந்த அளவு நம்மால் ஆகாது. குறைந்த கேமராக்களோடு 'விஏஆர் லைட்' கொண்டுவருவது பற்றிச் சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே 2023-இல் பேசினார்.

இதைவிடப் பொருத்தமானது ஃபிஃபா 2024-இல் சோதித்த காணொளித் துணை முறை. கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் அது பயன்பட்டது. அதில் தனி அறை இல்லை. பயிற்சியாளர் ஓர் ஆட்டத்தில் இரண்டு முறை மறுபார்வை கேட்கலாம், கோரிக்கை சரியானால் அது கழியாது. நடுவரே ஓரத்துத் திரையில் பார்ப்பார். கோராவிட்டால் ஆட்டம் தன் போக்கில் ஓடும். விடைத்தாள் மறுகூட்டலுக்கு மாணவனே விண்ணப்பிப்பது போன்ற ஏற்பாடு இது. அல் ரய்யானில் இது இருந்திருந்தால் இந்தியப் பயிற்சியாளர் ஒரு கை உயர்த்தியிருந்தால் போதும்.

ஐஎஸ்எல், ஐ-லீக், சந்தோஷ் கோப்பையின் கடைசிச் சுற்றுகள் ஆகியவற்றில் இந்த எளிய முறையைக் கொண்டுவரலாம். முதலில் மறுகூட்டல் வகை நிகழ்வுகளுக்கு மட்டும் என்று எல்லை வகுப்பது நல்லது. திரையில் பார்த்தபின் நடுவர் காரணத்தை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். 2023 மகளிர் உலகக் கோப்பையிலேயே அந்த வழக்கம் வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் முன்பாகச் செலவிட வேண்டியது நடுவர்கள் மேல். 2002 உலகக் கோப்பையில் உதவி நடுவராக நின்ற கோமளீஸ்வரன் சங்கரும், ஃபிஃபா நடுவராக உயர்ந்த திண்டுக்கல் ரூபா தேவியும் கேமராவால் உருவானவர்களல்ல. மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரு நடுவர் பயிற்சி முகாம், முறையான ஊதியம், மிரட்டலிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு ஒரு பருவத்து விஏஆர் செலவோடு ஒப்பிடச் சிறியதே. நல்ல நடுவர் இல்லாத இடத்தில் திரையை வைத்தால், அதே தவறை அவர் இரண்டு முறை பார்த்துச் செய்வார்.

காணொளி கால்பந்தைத் திருத்துகிறதா, கெடுக்கிறதா என்ற கேள்விக்கு ஒரே விடை சொல்ல முடியாது. கோட்டைத் தாண்டிய பந்தைக் கண்டுபிடிக்கும்போது அது திருத்துகிறது. மோதலின் வன்மையையும் கையின் நோக்கத்தையும் அளக்கப் புகும்போது, தன்னிடம் இல்லாத விடையைச் சொல்லிக் கெடுக்கிறது. இந்தியக் கால்பந்து இன்னும் அந்த முறைக்குள் போகவில்லை. பிறர் செய்த குழப்பங்களைப் பார்த்துவிட்டு, எதை எடுப்பது எதை விடுப்பது என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அதனால் நமக்கு மிச்சமிருக்கிறது.